நகைக்குப் பதிலாக ஒரு சிப் கொம்பனி

பிள்ளை, போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை நான் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றபோது நீ குசினிக் கதவில் சாய்ந்து நின்று ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, கஜன்ர அம்மா போன் எடுத்தவா. எனக்கு நகை என்ன வச்சிருக்கிறீங்கள் எண்டு கேட்டவா. வாட் டூ ஐ ஸே?" என்றாய். நான் "பிறகு சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு, அடுப்புக்கு மேலிருந்த காற்றாடியைப் பெரிதாகச் சுழல விட்டேன். அந்தச் சத்தத்தில் நீயும் மேலே கேட்கவில்லை. மூன்று கிழமையில் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு அடுத்த கிழமையே கஜனோடு மெல்பேர்ணுக்குப் போய்விடுவாய். அதற்கு முன் உனக்கு ஒரு பதில் தர வேண்டும். நேரே சொன்னால் நீ பாதியில் சிரிப்பாய், நான் பாதியில் வகுப்பு எடுக்கத் தொடங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். ஒளித்து எழுதவில்லை. பெண்பிள்ளைகளை வைத்திருக்கிற என் சிநேகிதிகள் வாசித்தாலும் நல்லதுதான், அவர்களும் இதையே என்னிடம் வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்கென்று நான் நகை சேர்க்கவில்லை. நீ சிறியவளாக இருந்தபோது பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். உனக்குப் பதினாறு ஆனதில் இருந்து, நகைக்கு ஒதுக்க வேண்டிய காசில் ஒரு சிறிய மின்னணுச் சிப் நிறுவனத்தின் பங்குகளைச் சேர்த்தேன். அவற்றின் விலை இப்போது நான் வாங்கிய விலைக்கு மிகக் கீழே கிடக்கிறது. நான் பங்கு வாங்குவது உனக்குத் தெரியும். அது அம்மாவின் பொழுதுபோக்கு என்று நீ நினைத்திருந்தாய். அது உன் சீதனம் என்பது உனக்குத் தெரியாது.

எங்கள் வீடுகளில் இது எப்படி நடக்கும் என்று நீ பார்த்திருக்கிறாய். பிள்ளையின் பிறந்தநாள் வரும், தாய் நகைக்கடைக்குப் போவாள், அன்றைய விலை கூடவா குறைவா என்று ஒரு பேச்சு நடக்கும், பிறகு எந்த விலையானாலும் வாங்கிவிடுவாள். வாங்கியதை வங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவாள். பிள்ளையின் நகையை யாரும் விற்பதில்லை. வீட்டில் எது நடந்தாலும் கடைசியாகத்தான் அதில் கை வைப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சேர்த்துத் தந்தார்கள். அதில் பெரும்பகுதியை நான் வருடத்தில் இரண்டு தரம் போட்டுக்கொண்டு திருப்பிக் கொண்டுபோய் வைக்கிறேன். பொன்னில் எனக்கு வெறுப்பு இல்லை. ஆனால் பொன்னிடம் கேட்பதற்கு எனக்கு ஒரு கேள்வியும் இருந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துவிட்டு, கல்யாணம் கட்டி இங்கே வந்து, காது பரிசோதனை நிலையத்தில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவள் நான். எனக்குக் கேள்விகள் கேட்க ஒரு பொருள் தேவைப்பட்டது.

அது ஒரு அங்கிளின் காதுக்குள் இருந்து கிடைத்தது. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு. ஒருநாள் காலை வென்ட்வேர்த்வில்லில் இருந்து ஒரு அங்கிளும் அன்ரியும் எங்கள் நிலையத்துக்கு வந்தார்கள். அவருக்கு இரண்டு காதுக்கும் புதிய கருவி மாட்டி அதிக நாள் ஆகவில்லை. அன்ரி கதிரையில் இருக்க முதலே தொடங்கிவிட்டா.

"பிள்ளை, இந்தக் கருவி சரியில்லை. நான் குசினிக்குள்ள நிண்டு கத்துறன், இந்த மனுசன் கதிரையில இருந்து சிரிச்சுக்கொண்டிருக்குது."

கருவியைப் பரிசோதித்தோம். ஒரு பழுதும் இல்லை. எங்கள் காது நிபுணர் அங்கிளின் போனை வாங்கிப் பார்த்தார். அதில் பழைய பாட்டுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. நான் குனிந்து, "அங்கிள், நீங்கள் பாட்டே கேட்டுக்கொண்டிருக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"மெல்லக் கதை பிள்ளை," என்றார் அவர். "அவ தொடங்கினால் நான் போனில ஒருக்கா அமத்துவன். அவ்வளவுதான்."

அன்ரிக்குக் கேட்டுவிட்டது. அவவின் காது மிக நல்லது. "அப்ப இவ்வளவு நாளும் நான் சுவரோடயோ கதைச்சனான்?"

"சுவர் திருப்பிக் கதைக்காது தானே," என்றார் அங்கிள்.

அவர்கள் போன பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு கேள்வி மிஞ்சியது. போனில் இருந்து பாட்டு காதுக்கு வருகிறது, சரி. ஆனால் அவர் ஒரு பக்கத்துக் கருவியில் சத்தத்தைக் கூட்டினால் மறுபக்கத்திலும் அதே நொடியில் கூடுகிறதே, அது எப்படி? இரண்டுக்கும் நடுவில் கம்பி இல்லை. நடுவில் இருப்பது அங்கிளின் தலை. நிபுணரிடம் கேட்டேன். அவர், "இரண்டும் தமக்குள் பேசிக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அன்று ரெயினில் எதிரே இருந்தவர்களின் தலைகளையெல்லாம் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

உனக்கு நினைவிருக்கும், அன்று பின்னேரம் நான் உன்னைப் படிக்க விடவில்லை. "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் ரேடியோ," என்று சொல்லித் தப்பப் பார்த்தாய். நான் விடவில்லை. கடைசியில் நீயே ஆர்வம் பிடித்துத் தேடத் தொடங்கினாய். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதை நான் உனக்குச் சொன்னேன். போனும் காதுக் கருவியும் பேசுகிற ரேடியோ அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும் என்பதை நீ எனக்குச் சொன்னாய். அதனால் ஒரு காதில் இருந்து மறு காதுக்கு, தலையைத் துளைத்துக்கொண்டு போவது அந்த அலைக்குக் கடினம். அதற்காகவே சில நிறுவனங்கள் ரேடியோவை விட்டுவிட்டுச் சிறிய காந்தப் புலத்தால் பேசுகிற சிப் செய்கின்றன என்று கண்டுபிடித்தோம். காந்தப் புலத்துக்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. அது எட்டுகிற தூரம் மிகக் குறைவு, கை நீட்டினால் தொடக்கூடிய தூரம். ஆனால் ஒரு தலையின் அகலத்துக்கு அது காணும். மின்சாரமும் மிகக் கொஞ்சம்தான் எடுக்கும், ஒரு பொட்டளவு பற்றரியில் நாட்கணக்காக ஓடும்.

நீ பாட்டுக் கேட்கிற உன் காதுப் பொறிகளை, அந்த வயர் இல்லாத இயர்பட்ஸை, எடுத்து வந்தாய். உன்னிடம் அப்போது இருந்தது அந்தக் காந்தச் சிப் வைத்தது. பாட்டை முதலில் ஒரு பொறி போனில் இருந்து வாங்கும், பிறகு மற்றதற்குக் கடத்தும். வாங்குகிறதை நீ போட்டாய், மற்றதை என் காதில் வைத்தாய். சோபாவில் தலையோடு தலை முட்ட இருந்து கேட்டோம். சோறு வடிக்க வேண்டும் என்று நான் எழும்பினேன். இரண்டு எட்டு வைக்கவில்லை, என் காதில் பாட்டு அறுந்தது. திரும்பி வந்து இருந்தேன், பாட்டு வந்தது. எழும்பினேன், போயிற்று. நான் இப்படி எழும்பி எழும்பி இருப்பதைப் பார்த்து அப்பா, "என்ன, நாரிப் பிடிப்போ, இடுப்பு நோகுதோ?" என்று கேட்டார். சோறு அன்று குழைந்துபோயிற்று. எனக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அந்தச் சிப்பை வடிவமைக்கும் சிறிய நிறுவனங்களைத் தேடினேன். அதில் ஒன்று இங்கேயே பங்குச் சந்தையில் இருந்தது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை, உனக்குத் தெரியும். அவர்களுக்குத் தொழிற்சாலை கிடையாது. வரைந்து கொடுப்பார்கள், வேறு நாட்டில் ஒரு தொழிற்சாலை செய்து கொடுக்கும். சில காதுக் கருவி நிறுவனங்கள் அவர்களிடம் வாங்கின. ஒரு பெரிய காதுப்பொறி நிறுவனமும் வாங்கியது. அந்தச் சிப் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை அகராதி வைத்துக்கொண்டு வாசித்தேன். உன் பதினாறாவது பிறந்தநாளுக்கு வாங்க வேண்டியிருந்த காப்பை நான் அதுவரை வாங்கியிருக்கவில்லை. அந்தக் காசில் பங்கு வாங்கினேன்.

அப்பா அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "இஞ்சேரும், நகை எண்டால் பிள்ளை கழுத்தில போடலாம். இதை எங்க போடுறது?"

"காதில," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. "உமக்கு விளங்கினால் சரி," என்றார். எனக்கு விளங்கியது என்றுதான் நினைத்தேன்.

உனக்குப் பதினெட்டு ஆகவில்லை என்பதால் கணக்கு என் பெயரில் இருந்தது. என் பெயருக்குப் பின்னால், அடைப்புக்குறிக்குள், உன் பெயர். வருகிற ஒவ்வொரு அறிவித்தலிலும் அப்படியே இருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இன்னும் கொஞ்சம் வாங்கினேன். நகைக்கடைக்குப் போகிற தாயைப் போலவே, விலை கூடவா குறைவா என்று ஒரு தரம் பார்ப்பேன், பிறகு எந்த விலையானாலும் வாங்கிவிடுவேன். சில வருடம் அது நன்றாக ஏறியது. ஊர் முழுக்கக் காதில் வெள்ளைப் பொறியோடு நடந்தது. பரமட்டாவில் ரெயின் ஏறினால் நான் காதுகளை எண்ணாத குறை. இவ்வளவு காதுகளும் உனக்காகத்தான் என்று ஒரு நினைப்பு.

அந்த நினைப்பில் ஒரு பிழை இருந்தது. அதை அறிந்துகொள்ள எனக்கு நாளெடுத்தது, அதனால் உனக்குச் சும்மா தருகிறேன். ஒரு பொருள் எங்கும் இருப்பது வேறு, அதைச் செய்கிறவருக்கு அதில் இலாபம் நிற்பது வேறு. சிப் பெருகப் பெருக அதன் விலை இறங்கும். வாங்குகிறவர் பெரியவராகவும் விற்கிறவர் சிறியவராகவும் இருந்தால், விலையைச் சொல்கிறவர் வாங்குகிறவர்தான். ஆண்டறிக்கையில் முன்பக்கம் படங்களும் புன்னகைகளுமாக இருக்கும். நீ பின்னுக்குப் போ. யார் வாங்குகிறார்கள் என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். எங்கள் நிறுவனத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரேயொரு வாடிக்கையாளரிடம் இருந்து வந்தது. நான் அதை இரண்டாம் வருடமே வாசித்தேன். வாசித்து, அடியில் கோடும் போட்டேன். பிறகு உன் பிறந்தநாள் வந்தது, மறுபடியும் வாங்கினேன்.

பிறகு நீ உன் முதல் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் புதிய காதுப் பொறி வாங்கினாய். வாங்கிய அன்று என்னைக் கூப்பிட்டு ஒன்றை என் காதில் வைத்தாய். பழைய விளையாட்டு. தலையோடு தலை முட்ட இருந்தோம். அடுப்பில் குக்கர் கூவியது, நான் எழும்பிப் போனேன். குசினிக்குள் போய், அடுப்பை அணைத்து, கீரையை அரிந்து பாதி முடித்த பிறகுதான் கவனித்தேன், பாட்டு அறுந்திருக்கவில்லை. என் காதில் அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே சந்தோசம். "பிள்ளை, இஞ்ச வரைக்கும் கேக்குது" என்று கூப்பிட்டுச் சொன்னேன். நீ சோபாவில் இருந்தபடியே, "நியூ ஒன்ஸ் அம்மா. ரெண்டுமே போனோட டிரெக்டா கதைக்கும்," என்றாய்.

கத்தியைக் கீழே வைத்தேன். போன் இரண்டு காதோடும் தனித்தனியே பேசுமென்றால், ஒரு காது மற்றக் காதோடு பேச வேண்டியதில்லை. அப்படியென்றால் அந்தச் சிப்பும் வேண்டாம். யாரோ அதைவிடத் திறமான சிப் செய்து எங்கள் நிறுவனத்தை முந்தியிருந்தால் அது எனக்கு விளங்கக்கூடிய தோல்வி. இது வேறு. நாங்கள் அழகாகத் தீர்த்து வைத்த பிரச்சினையே இல்லாமல் போயிருந்தது. எந்த நிறுவனத்தைப் பற்றியும் யார் போட்டி என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்தப் பொருள் தேவைப்படாமல் போவது எப்படி என்று கேட்க நான் அந்தக் கீரைக்கு முன்னால் நின்றுதான் பழகினேன். இன்றைக்கும் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அந்தக் கேள்வி வருகிறது. அதைக் கேட்பதில் எனக்கு ஒரு தனி இன்பமும் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

அதற்குப் பிறகு நடந்த பங்குதாரர் கூட்டத்துக்கு உன்னையும் இழுத்துக்கொண்டு போனேன். நகரத்தில் ஒரு ஹோட்டலில் சின்ன மண்டபம். நரைத்த தலைகள், முக்கோணமாக வெட்டிய சாண்ட்விச், சேலை கட்டிய ஆள் நான் ஒருத்திதான். கேள்வி நேரம் வந்ததும் கையை உயர்த்தினேன். நீ தரை விரிப்பைப் பார்க்கத் தொடங்கினாய். போனே இரண்டு காதுக்கும் நேரே அனுப்பத் தொடங்கிவிட்டதே, இனி உங்கள் பெரிய வாடிக்கையாளருக்கு நீங்கள் எதற்கு என்று கேட்டேன். தலைவர் மிக நல்ல மனிதர். அருமையான கேள்வி என்றார். எதிர்காலம் பற்றியும், குழுவின் திறமை பற்றியும், சந்தையின் விரிவு பற்றியும் நெடுநேரம் பேசினார். பிறகு தேநீருக்குப் போனோம்.

திரும்பி வருகிற ரெயினில் நீ சொன்னாய். "அம்மா, ஹீ டிடின்ட் ஆன்ஸர்."

"தெரியும்."

"ஸோ வை டோன்ட் யூ ஸெல்?"

"பாப்பம்," என்றேன். நீ உன் பொறிகளைக் காதில் வைத்துக்கொண்டாய். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மண்டபத்தில் இருந்த நரைத்த தலைகளுக்குத் தெரியாதது கூட எனக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் நான் அதைக் குசினிக்குள் நடந்து பார்த்தவள். ஆனாலும் விற்கவில்லை. கணக்கைத் திறந்தால் அடைப்புக்குறிக்குள் உன் பெயர். பிள்ளையின் நகையை யாராவது விற்பார்களா? கை வரவில்லை. என் சொந்தப் பங்காக இருந்திருந்தால் அடுத்த நாளே விற்றிருப்பேன் என்று நினைக்கிறேன். பங்கை வாங்குவதற்கு என் படிப்பைக் கொண்டு போனேன். அதை வைத்துக்கொண்டிருப்பதற்கு எங்கள் பெட்டகப் பழக்கத்தைக் கொண்டு போய்விட்டேன். பொன் பூட்டி வைத்தாலும் பொன்தான். ஒரு நிறுவனத்தில் மனிதர்கள் காலையில் எழும்பி வேலைக்குப் போகிறார்கள், வாடிக்கையாளர் மனம் மாறுகிறார், நேற்று இருந்த தேவை இன்று இல்லை. அதைப் பூட்டி வைக்க முடியாது.

கொஞ்சக் காலத்தில் அந்த வாடிக்கையாளர் விலகினார். அறிவித்தல் வந்தபோது நான் நிலையத்தில் ஒரு குழந்தையின் கருவிக்குப் பற்றரி மாற்றிக்கொண்டிருந்தேன். பங்கு ஒரே நாளில் விழுந்தது, பிறகும் மெல்ல மெல்ல இறங்கியது. அப்பாவிடம் சொன்னேன். நான் எதிர்பார்த்த ஒன்றையும் அவர் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "மிச்சத்தை வித்தால் ஒரு சோடிக் காப்புக்குக் காணுமே?" என்று மட்டும் கேட்டார். காணும் என்றேன். "அப்ப யோசியும்," என்றார்.

யோசித்தேன். நீ குசினிக் கதவில் நின்று கேட்ட சனிக்கிழமைக்குப் பிறகு இன்னும் கூட யோசித்தேன். மெல்பேர்ணில், நோபல் பார்க்கில் ஒரு வீடு, அங்கே உனக்கு ஒரு மாமி, கல்யாண வீட்டுக்கு வருகிற அவர்களுடைய ஆட்கள், வெறுங்கையோடு நீ. என் நகையைப் போட்டு அனுப்பினால் அது எனக்கென்று தந்தது, உனக்கென்று நான் சேர்த்தது ஆகாது. நீ இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை, உனக்கு அது ஒன்றுமில்லை என்பாய். ஆனால் ஒரு புது வீட்டுக்குள் போகிறவளை முதல் நாள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவள் மனதில் நெடுநாள் கிடக்கும். விற்று, காப்பை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் உன் கையில் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். நகைக்கடைக்கு வருகிற சனிக்கிழமை வருவதாகவும் சொல்லி வைத்தேன்.

அதற்குள் வியாழக்கிழமை கஜனின் அம்மா மெல்பேர்ணில் இருந்து வந்துவிட்டா. கூறைச் சேலை எடுக்க வந்தவா, ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கும் போக வேண்டும் என்றா. நீ வேலைக்குப் போயிருந்தாய். நான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மோட்டர்வேயில் ஏறியதும், கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டே, சொல்லிவிடுவோம் என்று சொல்லத் தொடங்கினேன். எதிரே பார்த்துக் கதைப்பதைவிடப் பக்கத்தில் இருந்து கதைப்பது சுலபம்.

"நீங்கள் பிள்ளையிட்ட நகையைப் பற்றிக் கேட்டனீங்களாம்."

"ஓம், கேட்டனான். கேட்ட பிறகு எனக்கே ஒரு மாதிரியாப் போட்டுது. ஏன் கேட்டனீங்கள் எண்டு கஜனும் என்னைப் பேசினவன்." மடியில் இருந்த கைப்பையை ஒருக்கா நேராக வைத்தா. "நான் கேட்டது என்னத்துக்கெண்டால், நாங்கள் செய்விக்கிற தாலிக்கொடி மெல்லிசு. என்ர நகையெல்லாம் ஊரில இருந்து இஞ்ச வரேக்குள்ளயே போயிட்டுது. கொஞ்சம் படகுக்காரனுக்கு, மிச்சம் இஞ்ச விசாவுக்கு வழக்காடின லோயருக்கு. நீங்கள் பிள்ளைக்குக் கனக்கப் போட்டு அனுப்பினால், அதுக்குப் பக்கத்தில எங்கட கொடி நூல் மாதிரித் தெரியும். அதுதான் முன்னமே அறிஞ்சு வைப்பம் எண்டு."

நான் ஓடிக்கொண்டிருந்த தடத்தை விட்டு மெதுவான தடத்துக்கு மாறினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அங்கிளின் பாட்டு, சோபா, கீரை, தலைவர், அடைப்புக்குறி எல்லாம். அவ குறுக்கே பேசாமல் கேட்டா. முடிந்ததும் முதல் கேள்வி என்ன தெரியுமா?

"தலைக்குள்ளால போறதெண்டால் தலையிடி வராதோ?"

"வராது," என்றேன். "அது மிகச் சின்னன்."

"ரெண்டு காதும் கதைக்கிறது எங்களுக்குக் கேக்காதோ?"

"கேக்காது."

"நல்லது. கேட்டால் நித்திரை கொள்ளேலாது." அதற்குப் பிறகு வாட்டர்ஃபோல் ஊரைத் தாண்டும்வரை கேள்விகள்தான். தண்ணிக்குள் நின்றால் வேலை செய்யுமா, கிட்டக் கிட்ட இருந்தால் உங்கள் காதும் என் காதும் மாறிக் கதைத்துவிடாதா. அந்தக் கடைசிக் கேள்வியை நான் கூட யோசித்ததில்லை. ஒவ்வொரு சோடிக்கும் ஒரு அடையாளம் உண்டு, வேறு சோடியின் பேச்சை அது எடுக்காது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சரியா என்று நீ பார்த்துச் சொல்லு. காட்டு வளைவில் இறங்கும்போது அவ தன்பாட்டில் சிரிக்கத் தொடங்கினா.

"என்ன?"

"இல்லை, உங்கட பங்கும் என்ர நகையும் ஒண்டுதான். நான் வித்துப்போட்டன், நீங்கள் விக்கேல்லை. ரெண்டு பேரின்ர கையும் வெறுங்கை."

கோயில் வாசலில் காரை நிறுத்திவிட்டும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். இதைப் பிள்ளைக்கு எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ, ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு," என்றா.

சனிக்கிழமை நான் நகைக்கடைக்குப் போகவில்லை. கல்யாணத்தன்று உன் கழுத்தில் அந்தக் கொடி மட்டும் இருக்கட்டும். பக்கத்தில் வேறொன்றும் இல்லாவிட்டால் அது மெல்லிசா தடிப்பா என்று பார்க்க ஒருவராலும் முடியாது. அப்பாவிடம் சொன்னேன். "அப்ப கையில?" என்று கேட்டார். "மருதோண்டிச் சிவப்பு," என்றேன். இந்த முறை சிரித்தார்.

பங்குகளை உன் பெயருக்கு மாற்றும் படிவத்தில் நேற்றுக் கையெழுத்து வைத்தேன். நீயும் ஓரிடத்தில் வைக்க வேண்டும், சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். காதுக் கருவிக்காரர்கள் இன்னும் அந்தச் சிப்பை வாங்குகிறார்கள், ஏனென்றால் அங்கே நடுவில் போன் இல்லாமலே ஒரு காதும் மறு காதும் பேசித்தான் ஆக வேண்டும். அது ஒரு சிறிய, மெதுவான வியாபாரம். அது போதும் என்று நிறுவனம் நிமிருமா, இல்லை இன்னும் தேயுமா என்று எனக்குத் தெரியாது. புதிய ஆண்டறிக்கை வந்திருக்கிறது, பின்பக்கத்தில் இருந்து வாசி. வாசித்துவிட்டு விற்கலாம், வைத்திருக்கலாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், அம்மா தந்தது என்பதற்காக வைத்திருக்காதே. அம்மா தந்தது உன் கையில் வந்து சேரும்போது அது வெறும் பங்கு. அதை அப்படியே பார்க்க உன்னால் முடியும், என்னால் முடியவில்லை.

மாற்றம் பதிவானதும் ஒரு அறிவித்தல் வரும். அதில் என் பெயர் இருக்காது. உன் பெயர் முதல் தடவையாக அடைப்புக்குறி இல்லாமல், தனியாக இருக்கும். நீ அதை என்ன செய்வாய் என்று அறிய எனக்கு இருக்கிற ஆவலைச் சொல்லி முடியாது, இந்த வருடங்களில் நான் கேட்ட எந்தக் கேள்வியையும் விட இதற்குப் பதில் தெரிய வேண்டும் போல் இருக்கிறது. ஆனால் போன் எடுத்துக் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால், அடுப்புக்கு மேலே ஓடுகிற காற்றாடியை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

அம்மா